காட்டும் ஒளியும் கூட்டும் ஒளியும்: இரவு மீன்வேட்டையில் விளக்குகளின் வரலாறு

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் அங்கே நீர்ப்பரப்புக்குக் குறைவில்லை. 1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர் சுரங்கவழியாக உக்குவளையை அடைந்து, அம்பன் கங்கையோடு கலக்கும்படி செய்யப்பட்டது. அந்நீரைத் தேக்குதற்கு 1981 இல் போவதென்ன அணை எழுந்தது. 2018 இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் நிறைவுற்றது. தேவஹுவ, வெமெடில்ல, நாலந்த ஆகியன இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை. இந்நீர்த்தேக்கங்களில் சிறு தோணிகளில் இருந்து மீன்பிடித்துச் சீவிப்போர் உளர். மாலையில் வலை விட்டு, விடியுமுன் எடுப்பது இவர்தம் தொழில்முறை. எனவே இரவும் நீரும் விளக்கும் ஒன்றுசேரும் இடம் கடற்கரை மட்டுமன்று.

அதற்கும் அப்பால், மாத்தளைக்கும் கடலுக்கும் பழைய உறவு ஒன்றுண்டு. 19 ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வேலைதேடி வந்த தமிழகத்துத் தொழிலாளர் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை ஊடாக மாத்தளைவரை நடந்து வந்தனர். அவர்கள் கடந்துவந்த அந்நீரிணையின் இரு கரைகளிலும் நடைபெற்று வந்த ஒரு தொழிலின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது. ஆழமற்ற நீரிலே இரவில் விளக்கேந்திச் சென்று, அடித்தரையிற் கிடக்கும் மீனை ஈட்டியாற் குத்தி எடுக்கும் தொழில் அது. அதற்கு எவ்விளக்குத் தக்கது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து ஒரு சிறு தொழில்நுட்ப வினாவாகவே தோன்றும். ஆனால் அவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையைத் தொடர்ந்து சென்றால், கடல் யாருக்குரியது என்னும் வினாவிலே கொண்டுபோய் விடுகின்றது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். மீன்பிடியில் விளக்கு இருவகையாகப் பயன்படுகின்றது. ஒன்று, மனிதன் மீனைக் காண்பதற்கான விளக்கு. மற்றையது, மீன் மனிதனிடம் வந்து சேர்வதற்கான விளக்கு. முன்னையதைக் காட்டும் ஒளி என்றும் பின்னையதைக் கூட்டும் ஒளி என்றும் வழங்கலாம். சூடை, நெத்தலி, கணவாய் போன்றவை ஒளியை நாடித் திரள்வன. அடித்தரையில் வாழும் தட்டைமீன்கள் அத்தகையன அல்ல. அவை ஒளியை நாடி வருவதில்லை. ஒளி மேலே விழுந்தவிடத்தும் பெரும்பாலும் அசையாது கிடக்கின்றன. தம் உடல் நிறமும் மணலின் நிறமும் ஒன்றாயிருத்தலே அவற்றின் காப்பு. ஆகவே தட்டைமீன் வேட்டைக்கு வேண்டுவது காட்டும் ஒளி ஒன்றே. ஆராய்ச்சியாளர் பலரும் "ஒளிமீன்பிடி" என்ற ஒரே சொல்லில் இவ்விரண்டையும் அடக்கிவிடுவதனாலேயே பிற்காலத்து வாதங்கள் பல குழம்பிப்போயின எனலாம்.

தமிழ் இலக்கியத்தில் இரவுக்கடலின் விளக்கு மிகப் பழைமையானது. சங்கத்தொகைகளின் நெய்தற் பாடல்கள் பரதவரின் திமில்களில் எரியும் சுடர்களைக் கரையிலிருந்து காணும் காட்சியை மீண்டும் மீண்டும் தருகின்றன. நற்றிணையின் 175 ஆம் பாடல், மீன்நெய் ஊற்றிக் கிளிஞ்சிலில் ஏற்றிய சிறு விளக்கைக் குறிக்கின்றது. பிடித்த மீனின் நெய்யே பரதவர் இல்லத்து விளக்கை எரித்தது என்பது இதனாற் புலனாகும். குறுந்தொகையின் 304 ஆம் பாடலிலே, மூங்கிற் காம்பு பொருத்திய எறியுளி வருகின்றது. அதனைக் கொண்டு பெருமீனைப் பரதவர் எறிந்தனர். விளக்கும் உளியும் ஒரே வேட்டையில் இணைந்திருந்தமைக்கு இப்பாடல்கள் நேர்ச்சான்று ஆகா. அவ்வாறு இணைத்துக்கூறும் ஆசை கட்டுரையாளர் பலருக்கு எழுவதுண்டு, அது தவிர்க்கத்தக்கது. இரு கருவிகளும் ஒரே கரையில், ஒரே மக்களிடத்தில் இருந்தன என்ற அளவோடு நிற்பதே முறை.

களப்புக்களிலும் பரவைக் கடல்களிலும் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது சூள் ஆகும். காய்ந்த தென்னோலையையோ பனங்காவோலையையோ இறுகக் கட்டிக் கொளுத்துவது சூள். செலவில்லாதது, எங்கும் கிடைப்பது. ஆனால் அதற்குரிய குறைகளும் வெளிப்படை. விரைந்து எரிந்துவிடும் ஆதலால், ஓர் இரவுக்குக் கட்டுக்கட்டாகக் கொண்டுசெல்ல வேண்டும். சுடர் மங்குங்கால் வீசி மூட்ட வேண்டும். காற்றுக்கு ஆடுவதால் நீரடியில் நிழல்களும் ஆடும். கிடப்பது கல்லா மீனா என்று துணிதல் அரிதாகும். எல்லாவற்றினும் முக்கியமானது, சூளுக்கு ஒரு கை வேண்டும் என்பதாகும். தோணியில் ஒருவன் சூள் பிடிக்க, மற்றொருவன் மண்டா ஏந்தி நிற்க வேண்டும். மண்டா என்பது முனைபிரிந்த மீன்குத்தீட்டி. கோலூன்றித் தோணியைச் செலுத்துவதற்கு மூன்றாமவனும் வேண்டப்படலாம். எனவே சூள்வேட்டை இயல்பாகவே ஒரு கூட்டுத்தொழில். பெரும்பாலும் தகப்பனும் மக்களும், அல்லது மச்சான்மார் இருவரும் சேர்ந்து செய்தற்கு ஏற்றது. விளக்கின் தன்மையே தொழிலாளர் தொகையையும், அதனூடாகப் பங்கீட்டையும் நிருணயித்தது என்பது ஈண்டு அவதானிக்கத்தக்கது.

இவ்வேட்டையில் அகப்படும் தட்டைமீன்களுள் ஒன்றன் பெயர் வரலாற்றுச் சுவை மிக்கது. பெரிய தட்டைமீன் ஒன்றனைச் சோழமண்டலக் கரைப் பரதவர் "எருமை நாக்கு" என வழங்கினர். தரங்கம்பாடியில் இருந்த டென்மார்க்கு மிசனைச் சேர்ந்த ஜோன் பாதிரியார் அக்கரை மீன்களைச் சேகரித்துப் பேர்ளினில் வாழ்ந்த மருத்துவரும் மீனியலாளருமான புளொக் என்பவருக்கு அனுப்பி வந்தார். புளொக் 1799 இல் மறைந்தபின், அவரது நூலை நிறைவுசெய்த சினைடர் 1801 இல் அதனை வெளியிட்டார். அந்நூலில் அம்மீனுக்கு இடப்பட்ட இலத்தீன் பெயரின் இரண்டாஞ்சொல் "எருமெய்" என்பதாகும். இன்றும் அறிவியலுலகில் அதன் பெயர் செற்றோடெஸ் எருமெய் என்பதே. பரதவன் சொல்லில் பாதியை எடுத்துக்கொண்டு, நாக்கை விட்டுவிட்டனர் போலும்! எருமை நாக்கு பேர்ளின் சென்று ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அதே பேர்ளினிலிருந்து தமிழ்க் கரைகளுக்கு ஒரு விளக்கு வந்து சேர்ந்தது.

அவ்விளக்கின் கதை சற்று விரிவாகக் கூறத்தக்கது. மண்ணெண்ணெய் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கீழைநாடுகளை எட்டிவிட்டது. ஆயினும் திரிவிளக்கிலே எரிந்த மண்ணெண்ணெய், சூளைவிட அமைதியான சுடரைத் தந்ததே அன்றிப் பெரும் ஒளியைத் தரவில்லை. ஒஸ்திரியரான அவுவர் பொன் வெல்ஸ்பாக் 1885 இல் உரிமம் பெற்ற மெண்டில் என்னும் வலையுறையே நிலைமையை மாற்றியது. சில உலோக ஒட்சைட்டுகளைத் தோய்த்த நூல்வலையைச் சுடரில் எரித்தால், நூல் சாம்பராகி ஒட்சைட்டுக் கூடு எஞ்சும். அக்கூடு வெப்பத்தால் வெண்ணிற ஒளியை வீசும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் சேர்ந்த கலவையே மிகச் சிறந்தது எனப் பின்னர் அறியப்பட்டது. பேர்ளினில் இருந்த ஏர்றிச் அன்ட் கிறேற்ஸ் நிறுவனம், மண்ணெண்ணெயைக் காற்றமுக்கத்தால் ஆவியாக்கி இம்மெண்டிலில் எரிக்கும் விளக்கை 1910 ஆம் ஆண்டளவில் உருவாக்கியது. அதுவே பெற்றோமாக்ஸ். நம்மவர் எந்நிறுவனத்து அமுக்க விளக்கையும் அப்பெயராலேயே அழைத்தனர். 500 மெழுகுதிரி ஒளிவலுவுடைய விளக்கு ஒன்று, சூள் பலவற்றின் வேலையைத் தனித்தே செய்தது.

இம்மெண்டிலுக்கு வேண்டிய தோரியம் எங்கிருந்து கிடைத்தது என நோக்குவோமாயின், வியப்புக்குரிய செய்தி வெளிப்படும். 1904 இல் தோரியனைட்டு என்னும் புதிய கனிமம் இலங்கையிலிருந்து உலகுக்கு அறிமுகமாயிற்று. அதில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு தோரியம் ஒட்சைட்டு. அக்காலத்தில் இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராக இருந்தவர், பின்னாளில் கலைவரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1909 இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுத் தும்பில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதில் மொனசைற்று இருப்பதை ஷொம்பேர்க் என்னும் ஜேர்மானியர் உணர்ந்தார். அதன் பயனாக மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. மணவாளக்குறிச்சி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவர் கரைகளுள் ஒன்று. மீனவன் வலை உலர்த்திய மணல் ஐரோப்பா சென்று, மெண்டிலாகி, விலையிடப்பட்டு அவன் தோணிக்கே திரும்பியது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

பெற்றோமாக்ஸ் தோணியில் ஏறியதும் தொழில் மாறியது. அணியத்திலே கம்பொன்றில் விளக்கைக் கட்டிவிட்டால் சூள்பிடிப்பவன் தேவையில்லை. ஒருவனே கோலூன்றி, அவனே குத்தலாம். ஆனால் விளக்கும் மெண்டிலும் மண்ணெண்ணெயும் பணம் கொடுத்து வாங்குவன. அலையிடித்தால் மெண்டில் உதிரும். நீர்த்துளி பட்டால் சூடேறிய கண்ணாடி வெடிக்கும். கையில் முதல் இல்லாதவன் கடைக்காரனிடமோ சம்மாட்டியிடமோ கடன்பட்டே இவற்றைப் பெறமுடிந்தது. காவோலை எவரிடமும் கடன்படச் செய்வதில்லை.

விளக்கைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. அதனை எங்கே வைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்குப் பௌதிகம் துணைக்கு வருகின்றது. செங்குத்தாக நீரில் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கே மேற்பரப்பில் தெறித்துத் திரும்பும். செங்குத்திலிருந்து 80 பாகை சரிந்து விழுமாயின் மூன்றிலொரு பங்கு தெறித்துவிடும். ஆகவே விளக்குத் தோணிக்கு அருகில், நீரை நேரே நோக்குமாறு அமைய வேண்டும். தூரத்தை நோக்கி வீசும் பேரொளி நீர்மேல் மினுங்குமேயன்றி உள்ளே புகாது. மீனவனது கண்ணுக்கும் சுடருக்கும் இடையே தகரத்துண்டு ஒன்று இருத்தல் இன்றியமையாதது. அஃதில்லையேல் எத்துணை பெரிய விளக்கும் பிடித்தவனையே குருடாக்கும். நீர் கலங்கியிருக்கும்போது வேறொரு தொல்லை தோன்றும். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறச்செய்து பனிமூட்டம்போல் மறைக்கும். அப்போது விளக்கின் வலுவைக் கூட்டினால் மூட்டமும் கூடுமேயன்றி மீன் தெரியாது. விளக்கைக் கண்ணிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் தாழ்த்துவதே பரிகாரம். தட்டைமீனுக்கு இம்முறை மேலும் ஒரு நன்மை தரும். மேலிருந்து விழும் ஒளி அதன் நிழலை அதற்கடியிலேயே ஒளித்துவிடும்; பக்கத்திலிருந்து விழும் ஒளியோ உடலின் விளிம்பையும் மேலெழுந்த இரு கண்களையும் நிழலால் வரைந்து காட்டும்.

முறிவு என்னும் தோற்றப்பாட்டையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். நேர்மேலே நின்று நோக்குங்கால் நான்கடி ஆழத்திற் கிடக்கும் மீன் மூன்றடி ஆழத்திற் கிடப்பதாகத் தோன்றும். சரிந்து நோக்கின் பிழை பெருகும். அதனாலேயே கண்ட இடத்துக்குக் கீழே குத்துமாறு பழக்கினர். மண்டாவின் முனையை முதலில் நீருக்குள் அமிழ்த்திவிட்டுப் பின் குத்தினால், முனையும் மீனும் ஒரே பிழையோடு தோன்றுதலால் குறி தவறுதல் குறையும்.

1990 இன் பின் வடபுலத்திலே விளக்கின் வரலாறு வேறுதிசையிற் சென்றது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமைப்பொருளாகி, பன்மடங்கு விலையேறியது. சிறு ரோச் விளக்குக்குரிய பற்றரியும் தடைப்பட்டியலில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்து மாணவர் ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் படித்த காலம் அது. கடலிலோ நிலைமை கொடியது. இரவில் கடலுக்குச் செல்வதே தடுக்கப்பட்டிருந்தது. மீனைக் காட்டும் ஒளி, அதனைப் பிடித்திருப்பவனையும் காட்டும். அமைதிக்காலத்தில் பொருட்படுத்தப்படாத இவ்வுண்மை போர்க்காலத்தில் உயிரைக் குடிக்கவல்லதாயிற்று. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்பாட்டின் பின் தடைகள் தளர்ந்தன, மீண்டும் இறுகின, 2009 இன் பின் படிப்படியாக நீங்கின. இருளிலே சென்று மீன் குத்தும் நுட்பத்தைத் தந்தையிடம் கற்கவேண்டிய ஒரு தலைமுறை, அவ்விரவுகளை வீட்டிலேயே கழித்தது.

கடல் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கே காத்திருந்தது பெற்றோமாக்ஸ் அன்று. நீலவொளி தரும் இருவாயியை 1990 களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் நிறைவேற்றியதும், அதற்காக 2014 இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றதும் யாவரும் அறிந்தவை. அதன் வழிவந்த வெள்ளொளி எல்.ஈ.டி. விளக்கு, இழைவிளக்குச் செலவழிக்கும் மின்னில் மிகச்சிறு பகுதியைக்கொண்டே அதேயளவு ஒளியைத் தருகின்றது. சிறு தோணிக்காரனுக்கு இது பெரும் பேறு. நெற்றியிற் கட்டிக்கொள்ளலாம், நீருக்குள்ளேயே அமிழ்த்தலாம், மேற்பரப்பின் தெறிப்பு என்னும் தொல்லையே எழாது. அமெரிக்காவின் தென்கரைகளிலே தட்டைமீன் குத்துவோரும் பைன் விறகுப் பந்தம், அமுக்க விளக்கு, மின்பிறப்பாக்கியில் எரியும் விளக்கு என ஒவ்வொன்றாகக் கடந்து இதனையே வந்தடைந்தனர்.

ஆயின் ஒளி மலிவானபோது கூட்டும் ஒளியும் மலிவானது. நூற்றுக்கணக்கான விளக்குகளைப் பெரும்படகில் அடுக்கி, கடற்பரப்பையே பகலாக்கி, திரண்ட மீனைக் குஞ்சோடும் சினையோடும் சுற்றுவலையால் வாரிவிடலாம். இந்தியாவில் ஒன்றிய அரசு 2017 நவம்பரில் தன் தனிப்பொருளாதார வலயத்தில் எல்.ஈ.டி. முதலிய செயற்கை ஒளிகொண்டு மீன்பிடிப்பதைத் தடைசெய்தது. இலங்கையில் முல்லைத்தீவு மீனவர் 2018 ஆகஸ்ட்டிலே வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடித்தல், வெடிவைத்தல் முதலியவற்றுக்கு எதிராகத் தெருவில் இறங்கினர். அவர்தம் முறைப்பாடு விளக்கின்மீது அன்று. வெளியிடத்திலிருந்து வந்த முதல் படைத்தோர், ஒரே இரவில் தம் கரையின் பல நாட் பிடியை அள்ளிச் செல்கின்றனர் என்பதே அது. கரைவலையும் சிறுவலையும் நம்பியிருப்போரது முறைப்பாடு நியாயமானதே. அதேவேளை, செயற்கை ஒளி என ஒரே சொல்லால் யாவற்றையும் விலக்கும் விதி, களப்பிலே ஒற்றை விளக்கோடு ஒவ்வொரு மீனாகத் தேர்ந்து குத்துபவனையும் குற்றவாளியாக்கும் அபாயம் உடையது. மண்டா ஏந்தியவன் குஞ்சை விட்டுப் பெரியதைக் குத்தலாம். வலைக்கு அத்தெரிவு இல்லை.

மாத்தளையின் நீர்த்தேக்கங்களுக்கு இவ்வரலாறு எவ்வாறு பொருந்தும்? இங்குப் பிடிபடுவதில் பெரும்பகுதி திலாப்பியா. 1952 இல் கிழக்காபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இம்மீனைத் தமிழ்ப்பகுதிகளிற் பலர் ஜப்பான் மீன் என அழைப்பது வேடிக்கையானது. 1990 இல் உள்நாட்டு மீன்வளத்துக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு, 1994 இன் பின்னரே மீண்டது. இடைப்பட்ட காலத்தில் கண்காணிப்பாரின்றி இப்பிடி தொடர்ந்தது. இந்நீர் கடல்நீர் அன்று. தெளிந்த கடலில் நீலவொளியே ஆழச்செல்லும். இலைதழை அழுகிக் கரைந்ததும் பாசி நிறைந்ததுமான தேக்கநீர் நீலத்தை விரைந்து உறிஞ்சிவிடுகின்றது. பசுமஞ்சள் ஒளியே அங்குச் சற்றுத் தூரம் செல்லும். நீலம் மிகுந்த வெண்ணிற எல்.ஈ.டி. கடலுக்கு நன்று, மழைக்குப் பிந்திய அம்பன் கங்கை நீரில் அதன் ஒளியில் ஒரு பகுதி வீணே. மஞ்சள் சார்ந்த சிறு விளக்கைத் தாழ்த்திப் பிடிப்பவன் அங்கு மிகுதியாகக் காண்பான்.

நீர்த்தேக்கத்துக்கு மேலே, நக்கிள்ஸ் மலைத்தொடரிலிருந்து இறங்கும் ஓடைகளுக்கு இவற்றுள் எவ்விளக்கும் ஏற்றதன்று. 2010 இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அம்மலைத்தொடர். வேறெங்கும் காணப்படாத மீன்கள் அவ்வோடைகளில் வாழ்கின்றன. கணுக்கால் அளவு நீரில் உறங்கும் மீனுக்கு, ரோச் ஒளியிலிருந்து ஒதுங்குவதற்கு ஆழம் கிடையாது.